காமிரா வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

உங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்குக் காமிரா வாங்கப் பணம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி சிவகாசியிலோ சாத்தூரிலோ விருதுநகரிலோ இருக்கிறது. பணத்தில் பெரும்பகுதி தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்க்கும் பெற்றோர்கள் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தது. ஒரே ஒரு காமிராதான் வாங்க முடியும். பொருந்தாததை வாங்கிவிட்டால் அது ஆய்வகத்து அலமாரிக்குள் போய், உடைந்த தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

மன்றத்தில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. ஒரு கட்சி, "கண்மாய்க்கு வரும் பறவைகளைப் படமெடுக்க வேண்டும், சட்டைப்பையில் அடங்குகிற, நாற்பது மடங்கு ஜூம் உள்ள சின்னக் காமிராவே போதும்" என்கிறது. இதைக் கடைகளில் காம்பாக்ட் சூப்பர்ஜூம் என்பார்கள். மற்றக் கட்சி, "அதன் சென்ஸார் மிகச் சிறியது, லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய மிரர்லெஸ் காமிராதான் உண்மையான காமிரா" என்கிறது. யார் சொல்வது சரி? இதைத் தீர்த்துவைக்க விளம்பரத் தாள் உதவாது. பத்தாம் வகுப்பு ஒளியியலும் ஒரு வகுத்தல் கணக்கும் போதும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எஸ்.எல்.ஆர். என்ற பழைய வகைக் காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் ஒரு சமதள ஆடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஒரு பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் ஆடி 'டப்' என்று மேலே எழும்பி, ஒளி பின்னால் உள்ள பிலிம் மீதோ உணரி மீதோ விழ வழிவிடும். மிரர்லெஸ் காமிராவில் அந்த ஆடி இல்லை. சென்ஸார் எனப்படும் உணரி எப்போதும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது பார்ப்பதை ஒரு சிறு திரையில் நாம் பார்க்கிறோம். லென்ஸ் மாற்றக்கூடிய இவ்வகைக் காமிரா 2008இல் பானசோனிக் ஜி1 என்ற பெயரில் வந்தபோது பரவத் தொடங்கியது. ஆடி போனதால் காமிராவின் உடல் ஒல்லியாயிற்று. கேனன் கம்பெனியின் எஸ்.எல்.ஆர். காமிராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 44 மி.மீ. தூரம் இருந்தது; அதே கம்பெனியின் இன்றைய மிரர்லெஸ் காமிராக்களில் அது 20 மி.மீ. தான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், சட்டைப்பைச் சூப்பர்ஜூமிலும் ஆடி கிடையாது! ஆகவே உண்மையான வேறுபாடு ஆடியில் இல்லை. உணரியின் அளவிலும், லென்ஸைக் கழற்ற முடியுமா முடியாதா என்பதிலும்தான் இருக்கிறது.

கணக்குப் போட எண்கள் வேண்டும். ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு காமிராக்களை எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்.எக்ஸ்.740 ஒன்று. அதன் லென்ஸின் குவியத் தூரம் 4.3 மி.மீ. முதல் 172 மி.மீ. வரை, எஃப்-எண் 3.3 முதல் 6.9 வரை. மற்றது 2023இல் வந்த கேனன் ஆர்50 என்ற மிரர்லெஸ். அதனோடு சேர்த்துத் தரும் சிறு லென்ஸ் 18 முதல் 45 மி.மீ. வரை, எஃப்-எண் 4.5 முதல் 6.3 வரை. இந்த எண்கள் எல்லாம் லென்ஸின் முன்வளையத்தில் அச்சிட்டிருக்கும். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டு இந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

'நாற்பது மடங்கு' என்பது எங்கிருந்து வந்தது? 172ஐ 4.3ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வரும். அதாவது அந்த லென்ஸ் தன்னுடைய மிகக் குட்டை நிலையிலிருந்து மிக நீண்ட நிலைக்கு எத்தனை மடங்கு நீள்கிறது என்பதே அந்த எண். கண்மாய்க் கரையில் நிற்கும் நாரை நம் கண்ணுக்கு நாற்பது மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அதற்குப் பொருள் இல்லை. 100 முதல் 400 மி.மீ. வரை போகும் லென்ஸ் வெறும் நான்கு மடங்கு ஜூம்தான். ஆனால் பறவைக்காரர்கள் பலர் விரும்பிச் சுமப்பது அதைத்தான்.

நாம் செய்யவேண்டிய வகுத்தல் வேறு. குவியத் தூரத்தை எஃப்-எண்ணால் வகுங்கள். கிடைப்பது ஒளி நுழையும் துளையின் விட்டம். லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் வட்டமான திறப்பின் அளவு அது. சூப்பர்ஜூமை முழுதும் நீட்டினால் 172 ÷ 6.9, சுமார் 25 மி.மீ.; ஏறக்குறைய நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. மிரர்லெஸ்ஸின் சிறு லென்ஸை முழுதும் நீட்டினால் 45 ÷ 6.3, சுமார் 7 மி.மீ. மட்டுமே!

இது ஏன் முக்கியம்? வானிலை நிலையத்தில் மழைமானியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் எவ்வளவு நீர் விழும் என்பதை அதன் வாயின் பரப்புதான் முடிவு செய்கிறது. அடியில் வைத்திருக்கும் குப்பி பெரிதா சிறிதா என்பது அல்ல. தொலைவில் நிற்கும் நாரையின் உடலிலிருந்து நாலா பக்கமும் தெறிக்கும் ஒளியும் ஒரு தூறல்தான். உங்கள் லென்ஸின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு போட்டான்களே உள்ளே வரும். உணரி என்பது அடியில் உள்ள குப்பி. வாய் குறுகலாக இருந்தால் குப்பி எவ்வளவு பெரியதாயிருந்தும் பயனில்லை.

பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25ஐ 7ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 12 வருகிறது. ஒரே நாரையிலிருந்து, ஒரே நேரத்தில், சட்டைப்பைக் காமிரா 12 மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கிறது. இத்தனைக்கும் அதன் உணரி 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும்தான், ஒரு துவரம் பருப்பு அளவு. மிரர்லெஸ்ஸின் உணரியோ 22.3க்கு 14.9 மி.மீ.; பரப்பில் சுமார் 12 மடங்கு பெரியது. "பெரிய சென்ஸார் சார், பறவையெல்லாம் அள்ளிக்கிட்டு வரும்" என்று கடைக்காரர் சொன்னால், "எந்த லென்ஸோடு?" என்று கேளுங்கள்.

(சூப்பர்ஜூம் உணரியின் அளவை '1/2.3 அங்குலம்' என்று எழுதுவார்கள். அதை மி.மீ.க்கு மாற்றினால் 11 வரும். ஆனால் உணரியின் மூலைவிட்டம் 7.7 மி.மீ. தான். பழைய டி.வி. காமிராக் குழாய்களின் வெளிவிட்டத்தைச் சொன்ன காலத்து வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளவையியலில் இப்படிப்பட்ட அரைகுறை மரபுகள் நிறைய உண்டு.)

எவ்வளவு நுட்பம் தெரியும்?

ஒளி நிறையக் கிடைத்தால் மட்டும் போதாது. மார்கழி, தை மாதங்களில் நம் கண்மாய்களில் இறங்கும் உள்ளான்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய அலகின் வளைவும் கண்ணுக்கு மேலுள்ள கோடும் தெரியவேண்டும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே ஒரு அரிய பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் படம் எங்கே என்று கேட்பார்கள். கலங்கிய படம் சாட்சி சொல்லாது.

100 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவையின்மேல் ஒரு பிக்ஸல் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று பார்ப்போம். வடிவொத்த முக்கோணங்கள் நினைவிருக்கிறதல்லவா? பிக்ஸலின் அகலத்தைத் தொலைவால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுக்கவேண்டும். சூப்பர்ஜூமின் பிக்ஸல் 1.19 மைக்ரான். 172 மி.மீ. குவியத் தூரத்தில் அது பறவையின்மேல் 0.7 மி.மீ. இடத்தை மூடும். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் நுட்பமெல்லாம் தெரியுமா?

தெரியாது. ஒளி ஓர் அலை. வட்டத் துளை வழியே போகும் அலை விளிம்பு விளைவால் சற்றுப் பரவும்; புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டாக விழும். இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே காட்ட அவற்றுக்கிடையே இருக்கவேண்டிய குறைந்த தூரம், 1.22 × அலைநீளம் × தொலைவு ÷ துளையின் விட்டம். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. என்று கொண்டு 100 மீட்டருக்கும் 25 மி.மீ. துளைக்கும் போட்டால் 2.7 மி.மீ. வருகிறது. பிக்ஸல் 0.7 மி.மீ. அளவுக்கு நறுக்கிக் காட்டினாலும், ஒளி 2.7 மி.மீ.க்குக் கீழே எந்தச் செய்தியையும் கொண்டுவரவில்லை. இருபது மில்லியன் பிக்ஸலில் பெரும்பகுதி ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் 2.7 மி.மீ. என்பது எளிதில் தள்ளக்கூடியதல்ல. நல்ல கண்பார்வை உள்ளவருக்கு அதே தொலைவில் சுமார் 3 செ.மீ. இடைவெளிதான் பிரிந்து தெரியும். கண்ணைவிட இந்தச் சின்னக் காமிரா பத்து மடங்கு கூர்மை.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் இட்டுவருகிறார்கள். அப்படி வளையமிட்ட ஒரு பறவை உங்கள் கண்மாயில் இறங்கினால், சில மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த எழுத்துகளைப் படிக்க 100 மீட்டர் ஆகாது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். 25 அல்லது 30 மீட்டருக்கு நெருங்கவேண்டும். இதற்கு ஜூம் உதவாது. குனிந்து பொறுமையாக நடப்பதுதான் உதவும்.

இப்போது மிரர்லெஸ் கட்சிக்கு வருவோம். அதன் பிக்ஸல் 3.7 மைக்ரான். சிறு லென்ஸை 45 மி.மீ.க்கு நீட்டினால் 100 மீட்டரில் ஒரு பிக்ஸல் 8 மி.மீ.யை மூடும். இரண்டு புள்ளிகளைப் பிரித்துக்காட்டக் குறைந்தது இரண்டு பிக்ஸல்களாவது வேண்டும். ஆக 16 மி.மீ. நாரையின் கண் அதில் ஒரு கறுப்புப் புள்ளிதான். ஆனால் இதே காமிராவுக்கு 55 முதல் 210 மி.மீ. வரை போகும் இன்னொரு லென்ஸ் உண்டு. நீண்ட நிலையில் அதன் எஃப்-எண் 7.1. வகுத்துப் பாருங்கள், வாய் 30 மி.மீ.! ஒளிச் சேகரிப்பில் சூப்பர்ஜூமைவிட ஒன்றரை மடங்கு அதிகம். இரண்டு பிக்ஸல் கணக்கில் நுட்பம் 3.5 மி.மீ.; சூப்பர்ஜூமின் 2.7க்குச் சற்றுப் பின்தங்கியது.

இந்த முடிவு எனக்குப் பிடித்தமானது. சூப்பர்ஜூமின் 172 மி.மீ., பழைய 35 மி.மீ. பிலிம் காமிராவில் 960 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக்குச் சமம் என்றும், இந்த 210 மி.மீ. 336க்குச் சமம் என்றும் விளம்பரம் சொல்லும். கேட்பவர் முன்னது மூன்று மடங்கு வலிமையானது என்றே நினைப்பார். ஆனால் வாயின் விட்டங்கள் 25ம் 30ம். பறவையைப் பற்றி இரண்டும் சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒன்றே. ஒன்று படத்தைப் பெரிதாக விரித்துக் காட்டுகிறது. மற்றது சிறிதாகப் பதிந்ததை நாம் பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கவேண்டும். வேறுபாடு செலவிலும் சுமையிலும். இரண்டாவது லென்ஸையும் சேர்த்து மிரர்லெஸ் வாங்கினால் பணம் கணிசமாகக் கூடும். எடை 645 கிராம். சூப்பர்ஜூம் 299 கிராம்.

இதைவிடப் பெரிய வாய் வேண்டுமென்பவர்களுக்கு நிக்கான் பி1000 என்ற 2018ஆம் ஆண்டுக் காமிரா ஒன்று உண்டு. 539 மி.மீ., எஃப்-எண் 8. வாய் 67 மி.மீ. ஆனால் அது 1.4 கிலோ. சட்டைப்பைக்கு ஆகாது, தோளுக்குத்தான்.

கணக்கில் வராத ஒரு எதிரியும் நம் ஊரில் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு சாத்தூர்ச் சாலையில் கரிசல் வெளிக்கு அப்பால் பாருங்கள், பனைமரங்கள் நெளியும். சூடேறிய காற்று மேலெழும்பும்போது அதன் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளிக்கதிர் ஆடிக்கொண்டே வருகிறது. அப்போது 2.7, 3.5 என்ற கணக்கெல்லாம் பொய்த்து, எந்தக் காமிராவும் கஞ்சிபோலக் கலங்கிய படத்தையே தரும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிடக் காலை எட்டு மணிக்குள் கண்மாய்க்குப் போய்ச் சேர்வது மலிவான வைத்தியம்.

நிழலில் என்ன ஆகும்?

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்-எண் 16 என்று வைத்தால் வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஒளி விட்டால் படம் சரியாக விழும். இது பிலிம் காலத்து வாய்ப்பாடு, இன்றும் பொய்க்கவில்லை. எஃப்-எண் 6.9 என்றால் வினாடியில் 540இல் ஒரு பங்கு. கரையில் நிற்கும் கூழைக்கடாவுக்கு இது தாராளம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புக்குப் போங்கள். அங்கே மரக் கிளைகளில் சாம்பல்நிற மலை அணில் வாழ்கிறது. அதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள்; 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணில் இருப்பது இலைக்கூரையின் நிழலில். அங்கே வெளிச்சம் திறந்த வெளியைவிட 32 மடங்கு குறைவு என்று கொள்வோம். 540இல் ஒரு பங்கு என்பது 17இல் ஒரு பங்காகிவிடும். அதற்குள் அணில் ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். காமிராவுக்குள் உள்ள அதிர்வு தடுக்கும் அமைப்பு நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், அணிலை நிறுத்தாது.

வேகத்தைக் கூட்ட ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றுவார்கள். இதனால் ஒளி கூடுவதில்லை. கல்யாண வீட்டு மைக் செட்டில் ஒலியைக் கூட்டுவது போலத்தான். பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? போட்டான்கள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை, தூறல்போல் முன்பின்னாக விழுகின்றன. சராசரியாக 10,000 போட்டான்கள் விழவேண்டிய பிக்ஸலில் நூறு கூடவோ குறையவோ இருக்கும், அதாவது ஒரு சதவீதம். 100தான் விழுகிறதென்றால் பத்து முன்பின்னாகும், அதாவது பத்து சதவீதம். ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். அணிலின் சாம்பல் ரோமம் படத்தில் சொரசொரப்பான மணல்போல் தெரிவது இதனால்தான்.

இங்கே மிரர்லெஸ் கட்சியினர் எழுந்து, "பெரிய உணரி இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும்" என்பார்கள். 55–210 லென்ஸோடு போனால் அணிலிலிருந்து வரும் ஒளி ஒன்றரை மடங்குதான் கூடும். தீர்ந்துவிடாது, சற்றுத் தணியும். காட்டு நிழலை வெல்ல வாய் அகன்ற பெரிய லென்ஸ் வேண்டும். அதன் விலை காமிராவின் விலையைத் தாண்டும். மிரர்லெஸ்ஸின் பெருமை, அப்படியொரு லென்ஸை என்றாவது ஒருநாள் அதில் மாட்ட முடியும் என்பது. சூப்பர்ஜூமில் பிறந்த லென்ஸே கடைசிவரை.

இரவில் கதை தலைகீழாகிறது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நெருப்பின் ஒளி முகத்தில் விழுகிறது. ஆள் பத்தடி தூரத்தில். கூட்டமும் படத்தில் வரவேண்டும். சூப்பர்ஜூமைக் குட்டை நிலைக்குக் கொண்டுவருகிறீர்கள். 4.3 ÷ 3.3, வாய் வெறும் 1.3 மி.மீ.! பகலில் ஐந்து ரூபாய் நாணயமாக இருந்தது, ஊசித் துளையாகிவிட்டது. மிரர்லெஸ்ஸின் சிறு லென்ஸ் 18 ÷ 4.5, அதாவது 4 மி.மீ.; ஒன்பது மடங்கு ஒளி. 2020இல் வந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் வாய் 28 மி.மீ. அதே அளவு காட்சியைக் காட்டச் சூப்பர்ஜூமை 14 மி.மீ. அளவுக்கு நீட்டினாலும் அதன் வாய் 4.3 மி.மீ.யைத் தாண்டாது. வித்தியாசம் 40 மடங்குக்கு மேல். இரைச்சல் அதன் வர்க்கமூலமான ஆறு மடங்குக்கு மேல் குறையும். ஆய்வகத்துக்குள் எடுக்கும் படங்களுக்கும், ஆண்டு விழா நாடகத்துக்கும் இதே கணக்குதான்.

வாணவேடிக்கை

சிவகாசிக்காரர்களிடம் காமிராவைப் பற்றிப் பேசிவிட்டு இதை விட்டுவிட முடியுமா? வானவெடிப் படத்தின் இயற்பியல் மற்றவற்றிலிருந்து வேறானது. பலரும் "இருட்டு, ஆகவே அதிக நேரம் திறந்து வைத்தால் வெடி பிரகாசமாக விழும்" என்று எண்ணுகிறார்கள். வாசலில் கோலம் போடுவதைக் கவனியுங்கள். கோட்டின் தடிமன், விரலிடுக்கில் மாவு எவ்வளவு வேகமாக விழுகிறது, கை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டையுமே பொறுத்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்து போட்டாலும் முதலில் போட்ட கோடு தடிப்பதில்லை; கோடுகள்தான் கூடும். வானத்தில் பறக்கும் பொறியும் அப்படியே. அதன் பிம்பம் ஒவ்வொரு பிக்ஸலையும் ஒரு கணத்தில் கடந்து போய்விடுகிறது. அந்தக் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது எஃப்-எண்ணும் ஐ.எஸ்.ஓ.வும்தான். திறந்திருக்கும் நேரம் எத்தனை பொறிகள் படத்தில் சேரும் என்பதையும், புகையும் வானமும் எவ்வளவு வெளுக்கும் என்பதையுமே மாற்றும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்-எண் 8 அல்லது 11, இரண்டு முதல் நான்கு வினாடி, காமிரா முக்காலியின்மேல். இதுதான் தொடக்கம்.

எஃப்-எண்ணைக் குறைத்து வைத்தால் வண்ணம் போய்விடும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம், பச்சைக்குப் பேரியம் என்பது ஆலையில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். (பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.) உணரியின் பிக்ஸல்களில் சிலவற்றின்மேல் சிவப்பு வடிகட்டி, சிலவற்றின்மேல் பச்சை, சிலவற்றின்மேல் நீலம். ஸ்ட்ரான்ஷியம் பொறியின் சிவப்பு மிகுந்துவிட்டால் சிவப்புப் பிக்ஸல்கள் நிரம்பி வழிந்து நின்றுவிடும். வடிகட்டிகள் முழுமையானவை அல்ல. மற்றப் பிக்ஸல்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி கசிந்து நிரம்பும். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகிவிடும்.

"சிறிய பிக்ஸல் சீக்கிரம் நிரம்பிவிடும்; ஆகவே சூப்பர்ஜூமில் வண்ணம் வெளுக்கும்" என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. ஒரே எஃப்-எண்ணில் பத்தில் ஒரு பங்கு பரப்புள்ள பிக்ஸலில் விழும் ஒளியும் பத்தில் ஒரு பங்குதானே! டம்ளரும் அண்டாவும் ஒரே மழையில் ஒரே நேரத்தில்தான் நிரம்பும், உயரம் ஒன்றாயிருந்தால். வேறுபாடு எதிர்முனையில் இருக்கிறது. வண்ணத்தைக் காக்க ஒளியைக் குறைக்கும்போது, கீழே இருக்கும் கோபுரமும் கூட்டமும் இருளில் மூழ்கும். சிறு பிக்ஸலில் அங்கே விழுவது விரல்விட்டு எண்ணும் அளவு போட்டான்கள்; வர்க்கமூல இரைச்சல் அவற்றை விழுங்கிவிடும். பெரிய பிக்ஸலில் பத்து மடங்கு இருப்பதால் பிறகு கணினியில் கோபுரத்தைத் தூக்கிக் காட்டலாம். இன்னொன்று, சூப்பர்ஜூமை எஃப்-எண் 8க்கு மேல் மூட முடியாது. அந்த 8இலேயே விளிம்பு விளைவால் புள்ளி பரவும் வட்டின் ஆரம் 5.4 மைக்ரான், நாலரை பிக்ஸல். மிரர்லெஸ்ஸில் அதே வட்டு ஒன்றரைப் பிக்ஸலுக்குள் அடங்கிவிடும். வாணவேடிக்கையில் மிரர்லெஸ்ஸுக்கு எதிர்வழக்கே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வேடிக்கையைத் திடலிலிருந்தோ மாடியிலிருந்தோ எடுங்கள். பட்டாசு ஆலை வளாகத்துக்குள், மருந்து கலக்கும் அறைப் பக்கம், காமிராவோடு யார் அழைத்தாலும் போகாதீர்கள். ஒரு சிறு மின்பொறிகூட அங்கே போதும்.

பிக்ஸல் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். சிவகாசி ஆப்செட் அச்சகம் எதில் கேட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் 10க்கு 8 அங்குலப் படத்துக்கு 3000ஐ 2400ஆல் பெருக்குங்கள், 7.2 மில்லியன். இரண்டு காமிராக்களிலும் 20க்கு மேல் இருக்கிறது. நாள்காட்டிப் படம் அச்சிடப் போகிறவருக்குத்தான் அதற்கு மேல் யோசனை.

என்னைக் கேட்டால், கண்மாயும் பறவையும்தான் மன்றத்தின் முதல் வேலை என்றால் சட்டைப்பைச் சூப்பர்ஜூமை வாங்குங்கள். 299 கிராம் கருவியை ஒன்பதாம் வகுப்பு மாணவி தினமும் எடுத்துப் போவாள். பறவை வரும் நேரத்தில் காமிரா கையில் இருப்பதுதான் பெரிய விஷயம். பணம் இன்னும் கொஞ்சம் சேருமென்றால் ஓர் ஆண்டு பொறுத்து மிரர்லெஸ்ஸை 55–210 லென்ஸோடு வாங்கலாம். பிறகு 50 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் பகல், இரவு இரண்டையும் ஆளலாம். வாங்கவே கூடாதது, பறவைக்கென்று மிரர்லெஸ்ஸை அந்தச் சிறு லென்ஸோடு மட்டும் வாங்குவது. பணமும் அதிகம், வாயும் 7 மி.மீ.

இதையெல்லாம் நம்புவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டில் உள்ள போன் போதும். ஒரு வெள்ளைத் தாளில் 2 மி.மீ. கறுப்புக் கோடு, 2 மி.மீ. இடைவெளி என்று பத்துக் கோடுகள் வரைந்து, ஒரு தீப்பெட்டியின்மேல் ஒட்டி நிறுத்துங்கள். காலை வெயிலில் 2 மீட்டர், 4 மீட்டர் என்று தள்ளித் தள்ளி நின்று, ஜூம் செய்யாமல் படமெடுங்கள். எத்தனை மீட்டரில் கோடுகள் கலந்து சாம்பல் பட்டையாகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் எத்தனை மீட்டரில் தோற்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு படத்தின் விவரப் பகுதியில் குவியத் தூரமும் எஃப்-எண்ணும் இருக்கும். 6 மி.மீ., 1.8 என்றிருந்தால் வாய் 3.3 மி.மீ.; கோட்டுக்குக் கோடு தூரம் 4 மி.மீ. என்பதால் விளிம்பு விளைவு அனுமதிக்கும் எல்லை சுமார் 20 மீட்டர். உங்கள் போன் அதற்கு வெகு முன்பே தோற்றால் குறை லென்ஸின் வாயில் இல்லை, பிக்ஸலின் அகலத்தில். எத்தனை மைக்ரான் பிக்ஸல் இருந்தால் அந்தத் தூரத்தில் தோற்கும் என்பதை வடிவொத்த முக்கோணத்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த எண்ணைப் போன் கம்பெனி சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.